சுண்டிப் பார்த்து வாங்கிய அச்சு

பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பேளுக்குறிச்சி சாமியப்பன், யுத்தம் முடிந்த மறுவருஷம், பட்டாளம் கழித்துப்போட்ட லாரியைப் பிரித்து மாட்டிக் கொல்லிமலைத் தடத்துக்கென்று ஒரு வண்டி கட்டினார். அப்படிக் கட்ட அந்த வட்டாரத்தில் வேறு எவனுக்குத் துணிச்சல் இருந்தது?

பின்சக்கர அச்சு மட்டும் தேய்ந்திருந்தது. மலை இறக்கத்தில் அது முறிந்தால், மேலே ஏறியிருக்கும் மலைக்காரர்களும் பள்ளத்தில்தான். அதனால் மனைவி பழனாயியோடு சேலத்துப் பழைய இரும்புக்கடைக்குப் போனார். வண்டிக்குப் பொருந்தும்படி இரண்டு அச்சுகள் கிடந்தன. ஒன்று துருவேறியது. மற்றது பளபளத்தது, அதையே சாமியப்பன் தோளில் தூக்கிவிட்டார்.

“இதுதான் புள்ள. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு.”

“இருங்க. சந்தையில பானையைக்கூடச் சுண்டிப் பாக்காம வாங்கமாட்டோம். கயித்துல தொங்க விடுங்க.”

“இரும்பும் பானையும் ஒண்ணா? கடைக்காரர் சிரிக்கப் போறாரு.”

“சிரிச்சா சிரிக்கட்டுங்க. ஓட்டப்போறது நீங்கதானுங்க.”

தொங்கவிட்டார். பழனாயி கல்லால் தட்டினாள். துருவேறியது கணீரென்று நெடுநேரம் ஒலித்தது. பளபளத்தது சொத்தென்று அடங்கியது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தபோது அதில் மயிரிழை விரிசல் தெரிந்தது. சாமியப்பன் அதை ஒதுக்கிவிட்டுத் துருவேறியதற்கு விலை கேட்டார்.

துருவேறியதை மாட்டித்தான் மலைமேல் இருக்கும் சோளக்காடு ஊரிலிருந்து பலாப்பழமும் ஆட்களுமாக முதல் நடை இறங்கினார். அடிவாரத்தில் ஊரே கூடி அவரைப் புகழ்ந்தது. அவரும் கூச்சப்படாமல் கேட்டுக்கொண்டு, “கட்டுனது நானுங்க. எல்லாரையும் உசுரோட எறக்குனது எங்க ஊட்டுக்காரி” என்றார்.