சத்தியபாய் டீச்சரின் இ மைனர்

சத்தியபாய் டீச்சருக்குக் கோபம் மூக்குக்கு மேலே என்று குளச்சல் பக்கத்தில் சொல்வார்கள். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் தங்கள் பெயரும் அதில் வந்துவிடும் அல்லவா?

பதினெட்டு வருஷமாக அந்த ஊர் கிறிஸ்தவ சபையில் ஞாயிறுதோறும் பியானோ வாசித்தவள் அவள். மிஷன் துரைசானி சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன பியானோ அது. கூடவே இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஜெர்மன் சங்கீதப் புத்தகம் ஒன்றும் இருந்தது. அதில் ஒரு மெட்டு டி மைனர் என்கிற சோகச் சுருதியில், மெதுவான நடையில், முழங்கால் படியிட்டு அழுகிற பாவத்தில் போகும். துரைசானி சொல்லிக்கொடுத்தபடி ஒரு சுரம் பிசகாமல் வாசிப்பாள்.

அந்த மெட்டை மாற்றியவன் அவள் அண்ணன் ஜெபசீலன். யுத்தகாலத்தில் கல்கத்தா ஹோட்டல் ஒன்றில் பரிமாறும் வேலை பார்த்தவன். அங்கே ஒரு கோவாக்காரர் இப்படிப்பட்ட பழைய மெட்டுகளையே ஜாஸ் ஆக்கி வாசிப்பாராம்.

"ஏட்டி, இடது கை நடந்துக்கிட்டே இருக்கணும், நிக்கப்பிடாது. வலது கை கொஞ்சம் பிந்தி வரணும், பள்ளிக்கூடத்துக்குப் பிந்தி வார பிள்ளைய மாதிரி" என்று மேசையில் தட்டிக் காட்டுவான். அவள் சிரித்துச் சிரித்துப் படித்தாள். டி கம்பி ஒன்று உப்புக்காற்றில் அறுந்துபோயிருந்ததால் மெட்டை ஒரு படி ஏற்றி இ மைனரில் வைத்தாள்.

பிறகு ஜெபசீலன் மண்டைக்காட்டு இந்துப் பெண் தாணம்மாளைக் கட்டினான். அவள் மதம் மாறவில்லை, அவனும் மாறச் சொல்லவில்லை. சபைச் செயலாளர் கிருஷ்ணமணி பதிவேட்டில் அவன் பெயரைக் கோடு போட்டு அடித்தார். 1951இல் டைபாய்டில் அவன் செத்தபோது ஆலய மணி அடிக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. தென்னந்தோப்பின் மூலையில் ஜெபமோ பாட்டோ இல்லாமல் மண்ணைத் தள்ளி மூடினார்கள். கர்த்தருடைய பெயரைச் சொல்லிக்கொண்டுதான் இத்தனையும் செய்தார்கள்.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து ஜனம் எழுந்ததும் சத்தியபாய் அண்ணனுடைய மெட்டை எடுத்தாள். புத்தகத்து நடையைவிட மூன்று மடங்கு வேகம். இடது கை அடித்த அடியில் பியானோவின் மேலிருந்த பூச்சட்டி குதித்தது.

கிருஷ்ணமணி ஓடிவந்தார். "இது கோயிலா கிளப்பா டீச்சரே? டான்ஸ் பாட்டு வாசிக்கப்பிடாது."

கமிட்டி கூடித் தீர்மானமே போட்டது. மேற்படி மெட்டு டி மைனரில், மெதுவாக, துக்க பாவத்தோடு வாசிக்கப்பட வேண்டும். அறுந்த டி கம்பியைக் கட்டித்தர யாருக்கும் தீர்மானம் தோன்றவில்லை. அவளோ ஞாயிறுதோறும் தன்போக்கில் இ மைனரிலேயே வாசித்தாள். வேறு வாசிக்க ஆளில்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு லண்டனிலிருந்து ஒரு துரை வந்தார். ஆராதனை முடிவில் அந்த மெட்டைக் கேட்டதும் எழுந்து நின்று கைதட்டினார். "ஜாஸ்! எத்தனை சந்தோஷமான சங்கீதம்!" என்றார் இங்கிலீஷில்.

"எங்கள் சபையின் சந்தோஷம்தான் ஐயா அது" என்றார் கிருஷ்ணமணி, அதே இங்கிலீஷில். கூச்சம் என்பது அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடம் திரும்பி, "இன்னொருக்க வாசிங்கோ டீச்சரே, தொரை ஆசைப்படுதாரு" என்று குழைந்தார்.

சத்தியபாய் பியானோவை விட்டு எழுந்தாள். துரையை நேராகப் பார்த்து, அவர் பாஷையிலேயே சொன்னாள்.

"இது சந்தோஷம் இல்லை ஐயா, கோபம். என் அண்ணன் ஜெபசீலனை நாயைப் புதைப்பதுபோலப் புதைக்க வைத்தார்கள். அந்தக் கோபம்."

துரை முகம் மாறிச் செயலாளரைப் பார்த்தார். "யார் அந்த ஜெபசீலன்?"

"அப்படி ஒருவர் எங்கள் சபையில் இல்லை ஐயா" என்றார் கிருஷ்ணமணி.

பதினெட்டு வருஷமாக அவரை 'ஐயா' என்று மட்டுமே அழைத்திருந்த சத்தியபாய், அசனத்துக்குக் கூடியிருந்த அத்தனை ஜனத்துக்கும் கேட்கும்படி தமிழில் கத்தினாள்.

"இருந்தான் வோய்! நீருதான் பேர அடிச்சுப் போட்டீரு!"