கோணலாக இறங்கிய பேரிங்

கும்பா நிறைய உடைத்த ஐஸ். அதன் நடுவே என் கொலுசைவிடப் பளபளப்பாக ஒரு இரும்பு வளையம். பேரிங் என்று அதற்குப் பெயர். வளையத்துக்குள் வளையம், இடையில் சின்னக் குண்டுகள். விரலால் தட்டினால் சத்தமில்லாமல் சுற்றும். நான் புழங்குகிற கும்பாவில் மீன் வாடை அடிக்கிறதே என்று எனக்கு ஆத்திரம். கொல்லத்து ரயிலில் மீன் கூடையோடு வந்த ஐஸ் அது. தென்காசி மீன்கடையில் கெஞ்சி வாங்கி, சாக்கில் சுற்றி, மேலகரம் வரைக்கும் சைக்கிளில் கொண்டுவந்திருந்தார் என் வீட்டுக்காரர். ஆனால் நான் சொல்ல வந்தது அவருடைய அண்ணனைப் பற்றி. நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன்.

அத்தானுக்குத் தென்காசியில் சைக்கிள் கடை. தகப்பன் இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்து ஆளாக்கியவர். தம்பிக்கோ சைக்கிளில் மனம் நிற்கவில்லை. எங்கள் பக்கம் ஸ்கூட்டர்கள் ஒன்றிரண்டாக வரத் தொடங்கிய காலம். அதைத்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதம். கடையில் வார்த்தை தடித்து, "இனி உன் கடைப் படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு மேலகரத்தில் வாடகை வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பி இருவருக்கும் பேச்சு இல்லை.

அப்போதுதான் குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த ஒரு பெரியவர் தன் பழைய ஸ்கூட்டரை இவரிடம் விட்டார். எஞ்சினுக்குள் பேரிங் தேய்ந்து, வண்டி ஊளையிட்டு நின்றுபோயிருந்தது. "இத ஓட வச்சிட்டேன்னா பங்களா முன்னால கிடக்க ஷெட்டுல நீ கடை போட்டுக்கிடலாம்" என்று அவர் வாக்குக் கொடுத்தார். சீசனுக்கு வருகிற வண்டியெல்லாம் அந்த ஷெட்டைத் தாண்டித்தான் அருவிக்குப் போக வேண்டும். ஓடாவிட்டால் மறுபடி அண்ணன் கடைதான். நான் அந்த ஷெட்டின் ஓரத்தில் இட்லிக் கடை போட்டு, மனசுக்குள் அடுப்பே மூட்டிவிட்டேன்.

எஞ்சின் கூட்டில் புதுப் பேரிங் உட்கார வேண்டிய குழி அதைவிட மயிரிழை சின்னதாக இருந்தது. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். தளர்வாக இருந்தால் ஓட்டத்தில் கழன்று சுற்றுமாம். அதனால் எஞ்சின் கூட்டைச் சூடாக்கி விரிய வைக்க வேண்டும், பேரிங்கை ஐஸில் போட்டுச் சுருங்க வைக்க வேண்டும், கூடு ஆறுவதற்குள் ஒரே மூச்சில் நேராக இறக்க வேண்டும். என் கரி அடுப்பில் இருப்புச் சட்டி வைத்து, மணல் கொட்டி, அதன்மேல் கூட்டை வைத்தோம். பதம் பார்த்தது நான். தோசைக்கல்லுக்குத் தெளிப்பதுபோலத் தண்ணீர் தெளித்தேன். துளி உருண்டு ஓடியது. "ஆச்சு, எடுங்க" என்றேன். அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஆடி மாதம். மேற்கே மலையிலிருந்து சாரல் காற்று சீறிக்கொண்டிருந்தது. எங்கள் வாசலும் மேற்குப் பார்த்த வாசல். காற்றுப் பட்டால் கூடு ஆறிவிடும் என்று கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளில் கை வைத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கும் அதே நினைப்புதான். முந்தின நாள் தாழ் போட்டு வேலை பார்த்ததற்கே பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று ராகம் போட்டாள்: "என்னட்டி, பட்டப்பகல்ல கதவச் சாத்திட்டீய? ஆடி மாசம்னுகூடப் பாக்கலையோ?" தெருவே சிரித்தது. புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே இருக்கப் பகலில் தாழ் போடுவது அந்தக் காலத்தில் வெட்கக்கேடு. இப்போது எல்லா வீடும் பகலிலும் தாழிட்டுத்தான் கிடக்கிறது, யாரும் சிரிப்பதில்லை. அவர் தாழ் போடாமலே வந்து உட்கார்ந்தார்.

மரப்பலகையில் கூட்டை இறக்கி, சாக்குத் துணி வைத்து நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை கொதித்தது. அவர் பேரிங்கைத் துடைத்து, குழிக்கு நேராகக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்தார். கதவு படாரென்று திறந்தது.

"ஏலே தம்பி! யாருக்குலே காய்ச்சல்?"

அத்தான். குடைகூட இல்லை, தலையிலிருந்து தண்ணீர் வடிகிறது. "ஐஸ் வாங்கிட்டுப் போனியாம்லா, மீன்காரர் சொன்னாரு. ஏம்மா, உனக்கா காய்ச்சல்?"

வீட்டுக்கு ஐஸ் வாங்கினால் கொதிக்கிற தலைக்கு ஒத்தடம் கொடுக்கத்தான் என்று நினைக்கிற காலம். பேச்சு வார்த்தை இல்லாத தம்பியின் வீட்டுக்கு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மழையில் ஓடி வந்திருக்கிறார்.

இவர் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் கை சாய்ந்துவிட்டது. பேரிங் ஒரு பக்கம் இறங்கி, மறு பக்கம் தூக்கிக்கொண்டு, பாதியில் நின்றது. சாரல் காற்று வீட்டை நிறைத்தது. கூடு ஆறி இறுகிக்கொண்டே போவது என் கைக்குத் தெரிந்தது. என்னால் என்ன செய்ய முடியும்? பிடித்ததை விடவும் முடியவில்லை.

அத்தான் ஒரு பார்வையில் புரிந்துகொண்டார். "அடிக்காதலே. திரும்பச் சூடு காட்டு, தன்னால விழுந்துரும்" என்றார் மெதுவாக.

"இன்னும் நீ சொல்லித்தான் நான் செய்யணுமா?" என்றார் இவர். சுத்தியலை எடுத்தார். நான் "வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தான் முன்னால் குரல் வரவில்லை. இரண்டாவது அடியில் கூடு விண்ணென்று விரிசல் விட்டது. பேரிங் மட்டும் அசையவே இல்லை.

மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த மாதிரிக் கூடு தென்காசியில் கிடையாது, திருநெல்வேலியிலும் கிடையாது. பங்களாக்காரர் திட்டவில்லை, "போகட்டும் தம்பி" என்று வண்டியை லாரியில் ஏற்றி மதுரைக்கு அனுப்பிவிட்டார். அந்த ஷெட்டில் சோடாக் கடை வந்தது. இவர் அண்ணன் கடைப் படி ஏறினார். அத்தான் நகர்ந்து இடம் விட்டாராம்.

அன்றிலிருந்து அத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தால் தெருவிலேயே நிற்பார். கதவு ஆவென்று திறந்து கிடந்தாலும், மழை கொட்டினாலும், "தம்பி, உள்ள வரட்டுமாலே?" என்று கேட்பார். இவர் உள்ளிருந்து "வாண்ணே" என்ற பிறகுதான் காலை எடுத்து வைப்பார். "சின்னஞ்சிறுசுக இருக்க வீடுன்னு ஒங்க அத்தான் எம்புட்டு நாகரிகமா நடக்காரு பாத்தியாட்டி" என்று பக்கத்து வீட்டுக்காரி மெச்சிக்கொள்வாள். நானும் சிரித்து வைப்பேன். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை அத்தான் என்று சொல்ல எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். "வாங்க, சாப்பிடுங்க" என்பதற்கு மேல் அவரிடம் நான் பேசியதே இல்லை. சொல்ல வேண்டியவர் இவர். இவரும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு முன்னால் இவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நெஞ்சு வலியில். அன்றைக்கும் சாரல்தான். சாவு வீடு, கதவு விரியத் திறந்து கிடந்தது, ஊரே கேட்காமல் உள்ளே வந்து போய்க்கொண்டிருந்தது. அத்தான் தெருவில் நனைந்தபடி நின்றார். "தம்பி, உள்ள வரட்டுமாலே?" என்றார். பதில் வருமென்று காத்து நின்றார். கிழவருக்குப் புத்தி தடுமாறிவிட்டது என்று யாரோ அவர் கையைப் பிடித்து இழுத்தார்கள், அவர் அசையவில்லை. மறுபடியும் கேட்டார். நான் பெண்களுக்கு நடுவே, இவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.