கைப்பிடி நடுவில் நின்ற நேரம்

எங்கள் கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும்போது விளக்கு அணையாது என்று காரைக்கால் முழுக்கப் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுக்குக் காரணம் நான். முதலாளி அதைத் தன் சாமர்த்தியம் மாதிரிச் சொல்லிக்கொள்வார். சொல்லிவிட்டுப் போகட்டும். டீசல் நாற்றத்தில் நின்றவன் நான்தான். எழுபதுகளின் கடைசியில் வயர்மேன் லைசென்ஸோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மூக்குக்கு மேல் கோபம் வருகிற வயது. வயதின் மேல் பழியைப் போடுவானேன், இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறேன்.

சமையல்கட்டுக்குப் பின்னால் ஓடு போட்ட கொட்டகையில் ஜெனரேட்டர் இருந்தது. சுவரில் ஓர் இரும்புப் பெட்டி, அதன் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. சேஞ்சோவர் என்று பெயர். கைப்பிடி மேலே இருந்தால் லைன் கரண்டு, கீழே இருந்தால் ஜெனரேட்டர். நடுவில் நிறுத்தினால் இரண்டும் கிடையாது, மண்டபம் இருட்டு. மேலேயிருந்து கீழே போக நடுவைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் இழுத்தால் தாண்டியதே தெரியாது. ஒருமுறை கண் சிமிட்டிய மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கரண்டு போன பிறகு இஞ்சினைச் சுற்றிக் கிளப்பினால் ஐந்து நிமிடமாவது ஆகும். அதனால் ஐயர் மாங்கல்யத் தட்டை ஆசீர்வாதத்துக்கு அனுப்பும்போதே நான் இஞ்சினைக் கிளப்பிச் சும்மா ஓடவிட்டுவிடுவேன். பிறகு கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். கொட்டகையிலிருந்து மேடை தெரியாது. எனக்குக் காதுதான் கண். நாயனம் மெல்லப் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று கெட்டிமேளம் கொட்டும். மாப்பிள்ளை கை இப்போது பெண் கழுத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மேளம் தணிகிறவரை கையை எடுக்க மாட்டேன். எத்தனையோ கல்யாணத்துக்கு இப்படிக் காவல் நின்றிருக்கிறேன். ஒரு தாலி கட்டியதைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஐப்பசி. பெண் அம்பகரத்தூர்ப் பக்கம் ஒரு விவசாயி மகள். மாப்பிள்ளை வீடு டவுனில், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். மாப்பிள்ளையின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்து பிரெஞ்சு பென்ஷன் வாங்கியவர், அப்போது உயிரோடு இல்லை. அம்மாதான் எல்லாம். பையன் பாரீசில் வேலையில் இருந்தான், ஒரு மாத லீவில் வந்திருந்தான். அப்படி ஒரு சம்பந்தம் கிடைத்ததில் பெண்ணின் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பயமும் சேர்ந்திருந்தது. சம்பந்தியம்மாள் இருமினால்கூட ஓடிப் போய் நின்றார்.

முதல் நாள் சாயங்காலம் பெண் அறையில் மின்விசிறி சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். போய்ச் சரிசெய்தேன். பெண் மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டூலிலிருந்து நான் இறங்கும்போது மெல்லக் கேட்டாள்.

"அண்ணே, எங்க ஊர்ல மழ பேஞ்சாலே கரண்டு போயிடும். இங்க காலையில போவாதுல்ல?"

"என்னை மீறிப் போவாதும்மா" என்றேன்.

அவள் சிரித்தாள். நான் காலரைத் தூக்கிவிடாத குறையாக வெளியே வந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டாம் பந்தியில் போய் உட்கார்ந்தேன். மண்டபத்து ஆட்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவது வழக்கம். ஆனால் எனக்கு நல்ல பசி, வானம் வேறு இருட்டிக்கொண்டிருந்தது, எப்போது வேண்டுமானாலும் கொட்டகைக்கு ஓட வேண்டியிருக்கும். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் வைத்துவிட்டார்கள். சாம்பாரை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்தேன். பெண்ணின் அப்பா வந்து என் மேல்கையைப் பிடித்தார்.

"எந்திரிப்பா. மாப்ள வீட்டுக்காரங்க வந்துட்டாங்க. ஒம்மேல டீசல் நாத்தம் அடிக்குது, எந்திரி எந்திரி."

பந்தி முழுக்கப் பார்த்தது. எழுந்தேன். என் இலையை அப்படியே சோற்றோடு சுருட்டி எடுத்துக்கொண்டு போனான் ஒருவன். அந்த இடத்தில் புது இலை போட்டு ஒரு சில்க் சட்டைக்காரர் உட்கார்ந்தார். பிசைந்த கையோடு நான் கிணற்றடி வரைக்கும் நடந்தேன். அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். சோறு போட்ட இலையிலிருந்து எழுப்பிவிட்டால் எவனுக்கு மறக்கும்? மண்டபத்துச் சமையல்காரர் பிறகு கூப்பிட்டார், நான் போகவில்லை. வயிறு காய்ந்தபடியே கொட்டகையில் படுத்தேன்.

விடியக்காலம் ஐந்து மணிக்கு மேல் முகூர்த்தம். நல்ல மழை. வெளியே இன்னும் வெளுக்கவில்லை. வழக்கம்போல இஞ்சினைக் கிளப்பி ஓடவிட்டேன். கைப்பிடியில் கை வைத்தேன். கெட்டிமேளம் கொட்டியது.

கரண்டு போகவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அன்று லைன் கரண்டு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. நான்தான் கைப்பிடியை இழுத்து நடுவில் நிறுத்தினேன்.

நிறுத்திவிட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். கெட்டிமேளம் கொட்டுவதே தும்மல், அழுகை எதுவும் அந்த நேரத்தில் காதில் விழக்கூடாது என்றுதான். அதையும் மீறிப் பொம்பளைகள் கத்துவது கேட்டது. பத்து எண்ணும்போது தவில்காரர் ஒரு அடி தடுமாறினார். இருபதில் நாயனம் நின்றது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பசித்த வயிற்றில் சோறு விழுந்த மாதிரி இருந்தது. முப்பது எண்ணிய பிறகு கைப்பிடியைக் கீழே தள்ளி ஜெனரேட்டரில் விளக்கைக் கொடுத்தேன்.

மேடையில் நடந்ததைச் சமையல்காரர் வந்து சொன்னார். குத்துவிளக்கு ஒன்றுதான் எரிந்திருக்கிறது. முடிச்சுப் போடப்போன நேரத்தில் யாரோ இடித்ததில் மாப்பிள்ளை கை நழுவி, தாலி பெண் மடியில் விழுந்துவிட்டது. எடுத்துக் கட்டினார்கள். கட்டினார்கள்தான். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா அதற்குள் எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இவ என் வூட்டுக்கு வெளக்கேத்த வர்றவளா?" என்று கேட்டுவிட்டாள்.

முதலாளி ஓடி வந்து கத்தினார். லைன் போயிடுச்சு, இஞ்சின்ல ஏர் பிடிச்சுக்கிச்சு, கரண்டு ஏறல என்றேன். மண்டபம் தோப்புக்கு நடுவில் தனியாக இருந்தது. அந்த மழையில் பக்கத்துத் தெருவில் விளக்கு எரிந்ததா என்று யார் போய்ப் பார்த்தார்கள்?

அரைமணி நேரம் கழித்துப் பெண்ணின் அப்பா கொட்டகைக்கு வந்தார். பட்டு வேட்டி நனைந்து சேறாகியிருந்தது. முதல் நாள் என்னை எழுப்பிவிட்டது அவருக்கு நினைவிருந்ததா என்று தெரியவில்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். இப்போது "ங்க" போட்டுப் பேசினார்.

"தம்பி, ஒரு வார்த்த வந்து சொல்லிடுங்க. மழைக்குக் கரண்டு போறது சகஜம், எல்லாக் கல்யாணத்துலயும் போறதுதான்னு சம்பந்தியம்மாகிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா எடுபடும்."

போனேன். சம்பந்தியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பெண் அவள் முன்னால் தலைகுனிந்து நின்றிருந்தாள். பெண்ணின் அப்பா என் முகத்தையே பார்த்தார். நான் இப்படிச் சொன்னேன்:

"கரண்டு போறது சகஜந்தாங்கம்மா. ஆனா நான் வேலக்கி வந்ததுலேருந்து இந்த இஞ்சின் ஒரு நாளும் இப்புடிப் பண்ணதில்ல. இன்னிக்கின்னு பாத்து ஏன் பண்ணுச்சுன்னு எனக்கே புரியல."

ஒரு வார்த்தை பொய்யில்லாத மாதிரி இருக்கிறது, பாருங்கள். விளக்கை நிறுத்தியதை விட இதைச் சொன்னதுதான் பெரிய வேலை. நிறுத்தியது முப்பது எண்ணுகிற நேரம். இது அந்தப் பெண் தலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சம்பந்தியம்மாள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாப்பிள்ளை லீவு முடிந்து பாரீசுக்குப் போனான். பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்ள அவன்தான் விசாவுக்குக் காகிதம் போட வேண்டும். அம்மா சொல்லாமல் அவன் போடமாட்டான். அடுத்த வருடம் முதல் தீபாவளிக்குப் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டவளைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. காகிதம் வரட்டும், வரட்டும் என்று மாமியார் சொல்லிக்கொண்டே இருந்தாள். கடைத்தெருவில் வேறு மாதிரிச் சொன்னாள்: தாலி மடியில் விழுந்தவளைப் பிள்ளையிடம் அனுப்பினால் பிள்ளையைத்தான் வாரிக் கொடுக்க வேண்டும். இதெல்லாம் சமையல்காரர் மூலம் எனக்குத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. முதல் வருடம் கேட்டுக்கொண்டேன். இரண்டாம் வருடம், அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவேன். எனக்கும் கல்யாணம் ஆனது. அதே மண்டபத்தில்தான். கைப்பிடிக்கு வேறு ஆளைப் போட்டிருந்தார்கள், விளக்கு ஒரு சிமிட்டுக்கூடச் சிமிட்டவில்லை.

ஐந்தாறு வருடம் போயிருக்கும். அம்பகரத்தூர் அம்மன் கோயிலில் ஒரு விசேஷத்துக்குச் சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் வாடகைக்குப் போயிற்று, கூடவே நானும் போனேன். செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி. கோயில் மதிலோரம் இஞ்சினை இறக்கி வயர் இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மண்டபத்து அண்ணன்தானே?"

திரும்பினேன். கையில் எலுமிச்சம்பழ மூடிகளும் திரியும் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். கழுத்தில் தாலி இருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. செவ்வாய் தவறாமல் விளக்குப் போட வருகிறாளாம். அப்பா படுத்த படுக்கையாம். காகிதம் இன்னும் வரவில்லையாம். எல்லாவற்றையும் அவளே சொன்னாள், ஊர்ச்செய்தி சொல்கிற மாதிரி. என் முகத்தைப் பார்த்து அவள் என்னைத் தேற்ற ஆரம்பித்தாள்.

"அன்னிக்கி உங்க மொதலாளி ஒங்கள ரொம்பத் திட்டுனாருன்னு கேள்விப்பட்டேண்ணே. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. என் நேரம் அப்புடி. நீங்க என்ன செய்வீங்க?"

திட்டியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். இது தாங்கவில்லை. உளறிவிட்டேன். இஞ்சின் நன்றாகத்தான் ஓடியது, ஏர் எல்லாம் பிடிக்கவில்லை, உங்கள் அப்பா என்னை இலையிலிருந்து எழுப்பிவிட்ட கோபத்தில் விளக்குக் கொடுக்காமல் நின்றேன் என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவள் எலுமிச்சை மூடிகளை மதில்மேல் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். பிறகு கிட்டத்தில் வந்தாள்.

"கரண்டு தானா போச்சா? இல்ல அதையும் நீங்கதான் நிறுத்துனீங்களா?"

நான் வயரைப் பார்த்தேன்.

"சொல்லுங்கண்ணே. நீங்க நிறுத்துனதுன்னா இப்பவே எங்கூட டவுனுக்கு வாங்க. எம் மாமியாகிட்ட வந்து சொல்லுங்க. சாமி செய்யல, சகுனம் இல்ல, ஒரு மனுசன் செஞ்சதுன்னு தெரிஞ்சா அவங்க வேற என்ன சொல்ல முடியும்? பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போயிடலாம். நான் ஒங்க மேல கோவப்பட மாட்டேன், சத்தியமா. வந்து சொன்னாப் போதும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு ஆசை. மண்டபத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டபோதுகூட அவ்வளவு இல்லை. நான் என்ன நினைத்தேன் என்று மறைக்காமல் எழுதுகிறேன். லைசென்ஸ் போய்விடும் என்று நினைத்தேன். முதலாளி செருப்பால் அடிப்பார் என்று நினைத்தேன். என் மனைவிக்கு அப்போது ஆறு மாதம், அவள் காதுக்குப் போகும் என்று நினைத்தேன். இவளைப் பற்றி நினைக்கவில்லை.

"தானாத்தான் போச்சும்மா" என்றேன். "மழைக்குப் போச்சு. நான் கொடுக்க லேட் பண்ணேன், அவ்வளவுதான்."

"சரியாத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் இரண்டு மூன்று தடவை தலையாட்டினாள். பிறகு, "அப்ப ஆத்தாதான்" என்றாள். என்னிடம் சொல்லவில்லை. எலுமிச்சை மூடிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் வெளியே வந்து, ஞாபகமாக என் பக்கம் திரும்பி, வர்றேண்ணே என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த செவ்வாயும் அவள் விளக்குப் போட வந்திருப்பாள். அதற்கடுத்த செவ்வாயும் வந்திருப்பாள். நான் அந்த ஊர்ப் பக்கம் வேலை ஒப்புக்கொள்வதை விட்டுவிட்டேன்.