வேனில் நான் துடைத்தவை

களம்பூர் ரோட்டில் வேன் நிற்கிறது, எல்.கே.ஜி. கிஷோர் அழுகிறான், காரணம் நான். ஸ்கூல் வேனில் கதவு பார்க்கிற வேலை இதுதான்: எந்தப் பிள்ளை அழுதாலும் முதலில் நம்மைத்தான் பார்ப்பார்கள். இந்த வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தினமும் பார்க்கிற சின்னப் பொருள் ஏதாவது கொண்டுவந்து அதைப் பற்றிப் வகுப்பில் பேசணும் என்று பிள்ளைகளிடம் மிஸ் சொல்லியிருந்தார். பிளஸ் ஒன்னோடு நின்றுவிட்ட எனக்கு அதெல்லாம் குப்பையாகத்தான் தெரிந்தது.

கிஷோரின் உமி

கிஷோர் வீடு ரைஸ் மில் பக்கத்தில். கை நிறைய உமி வைத்திருந்தான். சீட்டெல்லாம் சிந்துகிறதே என்று அவன் கையைப் பிரித்து ஜன்னலுக்கு வெளியே தட்டிவிட்டேன். டிரைவர் அண்ணன் பிரேக் போட்டுத் திரும்பினார்.

"டேய், பேஜார் புடிச்சவனே! அந்தப் புள்ள இப்ப மிஸ்கிட்ட இன்னாத்த காட்டுவான், உன் மூஞ்சியயா?"

ஒரு சொட்டு

மறுநாள் மழை. ஜன்னல் ரப்பரில் ஒரு சொட்டு, விழுமா விழாதா என்று தொங்கிக்கொண்டிருந்தது. கீழே சீட்டில் ரியாஸ். தலையில் விழப்போகிறதே என்று துடைத்துவிட்டேன். நல்லதுதானே செய்தேன்? அவன் அழவில்லை. என்னையே பார்த்தான்.

"அண்ணா, அத்த நான் பாத்துகினு இருந்தேன்."

யாழினியின் நூல்

வேன் கதவு ஓடுகிற தடத்தில் கிரீஸ் வழிந்திருந்தது. துடைக்க வேஸ்ட் நூல் தேடினேன். ஆரணியில் அதற்கா பஞ்சம்? சீட்டில் கலர் கலராக ஒரு நூல் பந்து கிடந்தது. எடுத்து நன்றாகத் துடைத்தேன்.

வேனை விட்டு இறங்கி வகுப்புக்குப் போன யாழினி பாதி வழியில் திரும்பி ஓடிவந்தாள். அவள் அம்மா ஒவ்வொரு பட்டுப்புடவை நெய்து முடிக்கும்போதும் ஒரு துண்டு நூல் கொடுப்பாராம். இது ஜுரம் வந்தப்போ நெய்தது, இது தம்பி பிறந்தப்போ நெய்தது என்று அவளுக்குக் கலர் கலராகத் தெரியும். பந்தைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தாள். எல்லாம் கறுப்பு. அன்று வகுப்பில் அவள் வாயே திறக்கவில்லையாம்.

சாயங்காலம், கடையில் புது நூல் வாங்கித் தருகிறேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

"வாணா. அது எப்ப நெய்ஞ்சதுன்னு எனக்குத் தெரியாதே. மிஸ் என்னை மண்டே மறுபடியும் பேசச் சொன்னாங்க. உன்னுது எதனா எடுத்துகினு வந்து, அதோட கதைய எனக்குச் சொல்லுண்ணா."

பிறந்ததிலிருந்து இருக்கிற வீட்டை ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் புரட்டியும், கதை சொல்கிற மாதிரி என்னுடையது ஒன்றும் அகப்படாததால், திங்கட்கிழமை அவள் முகத்தைப் பார்க்காமல் வெறுங்கையோடு கதவைத் திறந்துவிட்டேன்.