வலது தோளில் முந்தானை

"போட்டோவத் திருப்பிப் போட்டிருக்கான்னு எப்படிம்மா நிரூபிக்கிறது?"

உள்ளே வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி இதுதான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு டைப் அடித்து, ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை அது. பிரிசில்லா அங்கே மூன்று வருஷமாக வேலை பார்க்கிறாள். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

"யாரோட போட்டோக்கா?"

"ஒரு பொம்பளையோடது."

"எதுல போட்டிருக்காங்க?"

அந்தப் பெண் செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

"நீ சிதம்பரமா பாப்பா?"

"இல்லக்கா. முதுநகர்."

"சிதம்பரத்துல சொந்தக்காரங்க?"

"யாரும் இல்ல."

"அப்ப சரி," என்று போனை நிமிர்த்தினாள்.

படத்தில் இருந்தது அவளேதான். மாம்பழக் கலர் பட்டு, கை நிறைய ஆரி ஊசியால் பூவேலை செய்த ஊதா ரவிக்கை. மேலே 'ரியா, வயது 23' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதற்குக் கீழே 'எஸ்கார்ட் சர்வீஸ், சிதம்பரம் கடற்கரை அருகே ஸ்டார் ஹோட்டல்' என்று ஒரு வாட்ஸ்அப் நம்பர்.

"இருவத்திமூணாம். எனக்கு முப்பத்தஞ்சு. அது ஒண்ணுதான் எனக்கு நல்லது பண்ணியிருக்கான்."

பிரிசில்லாவுக்குச் சிரிப்பதா கூடாதா என்று தெரியவில்லை.

"முந்தானையப் பாரு."

முந்தானை வலது தோளில் கிடந்தது.

"நம்ம பக்கம் எவ வலது தோள்ல போடுவா? மூக்குத்திகூட பக்கம் மாறிக் கெடக்கு. ஒரு ஆம்பளைக்காவது அது கண்ணுல பட்டுதா? எங்க வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல இருக்காரு. ரூம்ல ஒருத்தன் காட்டியிருக்கான். நாலு நாளா போன் எடுக்கல."

அவள் பெயர் வினோதினி. சிதம்பரம் மேலவீதியை ஒட்டிய ஒரு சந்தில் தையல்கடை வைத்திருந்தாள். பெண்ணாடத்துக்காரி. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷமே கணவன் கதிர்வேல் வெளிநாடு போய்விட, மாமியார், மகள் என்று வீட்டோடு சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு மெஷினோடு ஆரம்பித்தாள். பத்து வருஷத்தில் அது மூன்று மெஷினாயிற்று. முகூர்த்த மாசங்களில் பரங்கிப்பேட்டை, புவனகிரியிலிருந்தெல்லாம் கல்யாணப் பெண்கள் ரவிக்கை தைக்க வருவார்கள்.

தைத்த ரவிக்கையைப் போட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது இப்போது எல்லாத் தையல்காரர்களுக்கும் வழக்கம். பெரும்பாலும் கழுத்துக்குக் கீழேதான் எடுப்பார்கள். வினோதினியும் முதலில் அப்படித்தான் போட்டாள். வந்தவர்கள் நம்பவில்லை. "நெட்டுல சுட்ட படம்தானே இது? இந்த மாதிரி உங்களுக்குத் தைக்க வருமா?" என்று கேட்டார்கள். கேட்டுக் கேட்டு ரோஷம் வந்துவிட்டது. ஒருநாள் தான் தைத்ததைத் தானே உடுத்திக்கொண்டு, முகம் தெரிய நின்று எடுத்துப் போட்டாள். திருட்டுப் படம் இல்லை என்று காட்டத்தான் அந்த முகத்தைப் போட்டாள். அந்த முகத்தைத்தான் திருடிக்கொண்டு போனார்கள்.

பிரிசில்லாவுக்கு இந்த மாதிரி விளம்பரங்களைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். ஏமாந்த ஆண்கள் புகார் டைப் அடிக்க அவளிடம்தான் வருவார்கள். கூரியரில் பணம் போனது என்று சொல்வார்கள், ஆன்லைன் லோனில் போனது என்று சொல்வார்கள். அவள் நிமிர்ந்து பார்க்காமல் அவர்கள் சொன்னபடியே அடித்துக் கொடுப்பாள். இணைக்கவேண்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் கேட்கும்போதுதான் உண்மை வரும். முதலில் முன்பணம், அப்புறம் ரூம் புக்கிங், அப்புறம் ஏதோ பாதுகாப்புக் கட்டணம், அதோடு நம்பர் பிளாக். அங்கே பெண் என்று யாரும் இருப்பதே இல்லை. எங்கோ உட்கார்ந்துகொண்டு, எவளுடைய படத்தையோ வைத்து எவனோ பேசுகிறான்.

அன்று அவள் விளம்பரத்தின் ஒரு வரியை எடுத்துத் தேடிப் பார்த்தாள். ஊர்ப் பெயர் மட்டும் மாறி, அதே வரிகள் சேலம், பண்ருட்டி, கும்பகோணம் என்று வந்துகொண்டே இருந்தன. எல்லா ஊரிலும் கடற்கரை இருந்தது. விளம்பரத்தில் இருந்த வினோதினியின் படத்தையே கொடுத்துத் தேடியபோது சேலத்தில் அவள் 'தான்யா'வாக இருந்தாள்.

"சேலத்துக்கு நான் போனதே இல்ல," என்றாள் வினோதினி.

அவளுடைய போனில் அசல் படம் தேதியோடு இருந்தது. முந்தானை இடது தோளில். தேடினால் அகப்படக்கூடாது என்றுதான் திருப்பிப் போடுகிறார்கள் என்று பிரிசில்லா சொன்னாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்செடுத்தாள்; மற்ற ஊர் விளம்பரங்களையும் சாட்சிக்கு அச்செடுத்தாள். புகாரை ஆங்கிலத்தில் சரளமாக எழுதினாள். அந்தத் தொழிலின் பெயரைத் தமிழில் எழுதும்போதுதான் விரல் நின்றது.

"இங்கிலீஷ்ல மட்டும் குடுத்துடலாமாக்கா?"

"எங்க மாமியாருக்குப் படிச்சுக் காட்டணும் பாப்பா. என்னா வார்த்தையோ அதையே போடு. அவன் போட்டத விடவா?"

போலீசில் புகாரைப் பதிவு செய்து ரசீது கொடுத்தார்கள். அந்த வலைத்தளத்துக்கும் பிரிசில்லா எழுதினாள். அடுத்த வாரம் வினோதினி மறுபடி வந்தாள். கதிர்வேலுக்கு எல்லாத் தாள்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடையில் வேறு யாரும் இல்லை. அவன் கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்களே சொல்லுங்கண்ணா, இந்த முந்தானை..." என்று பிரிசில்லா ஆரம்பித்தாள். வாழ்க்கையில் முன்பின் தெரியாத ஒரு ஆளிடம் அவ்வளவு நேரம் அவள் பேசியதே இல்லை. கடற்கரையைச் சொன்னாள், சேலத்தைச் சொன்னாள், அசல் படத்தின் தேதியைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"புரியுது தங்கச்சி. போலின்னு மொத நாளே எனக்குத் தெரியும். என் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?"

வினோதினி போனையே பார்த்தாள். அவள் முகம் அப்போது தெளிந்ததைப் பிரிசில்லா பார்த்தாள்.

"அப்பறம் ஏண்ணா போன் எடுக்கல?"

"ரூம்ல பதினாலு பேரு இருக்கோம். ஒவ்வொருத்தனையா கூப்ட்டு முந்தானையக் காட்டவா? நான் குளிக்கப் போனா எவனோ சிரிக்கிறான். என்னப் பார்த்துச் சிரிக்கிறானா வேற எதுக்கானு தெரியல. இப்படியே எத்தன நாள் இருக்கறது?" பிறகு மனைவியிடம் சொன்னான். "வினோ, கடைய மூடிடு. நெட் போன அம்மாகிட்ட குடுத்துடு. நம்ம பொண்ணு எங்கம்மாகூடவே இருக்கட்டும். நீ கொஞ்ச நாளைக்கு உங்க ஊருக்குப் போ. பேச்சு அடங்கட்டும்."

"நான் என்னாங்க பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல."

அவன் கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எதிர்த்துப் பேச ஏதாவது இருந்திருக்கும்.

மாமியார் இருசம்மாள் தமிழ்ப் புகாரை முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டாளாம். "பாவி, நல்லா இருப்பானா அவன்," என்று சபித்தாளாம். சபித்துவிட்டு, சாயங்காலம் பேத்தியின் பள்ளிக்கூடப் பையைத் தன் அறைக்கு எடுத்துக்கொண்டு போனாளாம். இதை வினோதினி பிற்பாடு சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பதினோராம் நாள் விளம்பரம் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் மூன்று மெஷினில் இரண்டு விலை போயிருந்தன. பாதியில் நின்ற ரவிக்கைகளை வீடு வீடாகப் போய்த் துணியாகவே திருப்பிக் கொடுத்தாள். ஒரு கல்யாண வீட்டில் மட்டும், "நீங்க தச்சாத்தான் எம் பொண்ணு போடுவா," என்று வாங்க மறுத்தார்கள். அதை ஒரே இரவில் தைத்து முடித்துக் கொடுத்துவிட்டுப் பெண்ணாடம் பஸ் ஏறினாள்.

இப்போது அங்கே ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கிறாள். பட்டன் போன் வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் பேசுவாள், கணவனும் பேசுவான். போன மாசம் பிரிசில்லா கூப்பிட்டபோது, "காலர் தச்சு தச்சு கை மரத்துப்போச்சு பாப்பா. ஆரி ஊசியப் புடிச்சே நாளாச்சு," என்றாள். அதே படம் வேறு ஒரு தளத்தில், வேறு பெயரில், வயது இருபத்தியொன்று என்று மறுபடி வந்திருப்பதைச் சொல்லத்தான் பிரிசில்லா கூப்பிட்டிருந்தாள். மழையைப் பற்றி விசாரித்துவிட்டு வைத்துவிட்டாள். அந்தத் தளத்துக்கு எழுதுவதை மட்டும் அவள் இன்னும் விடவில்லை.

பிரிசில்லாவின் கைப்பையில் ஒரு தாள் நாலாக மடித்துக் கிடக்கிறது. பண்ருட்டி என்று போட்டிருந்த விளம்பரத்தின் அச்சு அது. பச்சைப் புடவையில் ஒரு பெண், பின்னால் பலாப்பழம் அடுக்கிய கடை. பண்ருட்டிப் பக்கம் போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கடைகளில் நிற்கும் பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். யாரிடமும் கேட்க வாய் வருவதில்லை. தாளைக் காட்டிக் கேட்டால் அதுவே இன்னொரு விளம்பரமாகிவிடுமே என்று பயம்.

கதிர்வேல் பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரம் பஸ்ஸுக்காக இருவரும் நின்றிருந்தபோது வினோதினி கொடுத்த தாள் அது. அச்செடுத்த தாள்களில் அதை மட்டும் தனியாக உருவி, ரவிக்கையின் கைமேல் விரல் வைத்துக் காட்டினாள்.

"இது ரெடிமேட் இல்ல பாப்பா. கைக்கு அளவெடுத்துத் தச்சது. கழுத்துக்குப் பைப்பிங் குடுத்திருக்கற விதத்தப் பாரு, நம்ம பக்கத்துத் தையல்தான். நெசமாவே பண்ருட்டிக்காரியாத்தான் இருப்பா. இவளுக்கும் வலது தோள்லதான் கெடக்கு."

பஸ் வந்தது. ஒரு காலைப் படியில் வைத்தவள் திரும்பினாள்.

"இவ யாருன்னு கண்டுபிடிச்சி நீயே போய்ச் சொல்லிடு. அவ வீட்டுக்காரருக்கு எவனாவது அனுப்பறதுக்குள்ள. ஒரு பொம்பள வாயால அவ மொதல்ல கேக்கட்டும்."