இரண்டாம் நம்பர் பலகை

இதைப் படித்துவிட்டு "கதை விடாதீங்க" என்று சொல்லப் போகிறவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடலாம். எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நேரம்கூடப் பிசகாது. பத்தொன்பது வருடமாக ஓர் எலும்பு ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று குறிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

என் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு பலகை உண்டு. டாக்டர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தள்ளுகிற மாதிரி ஒரு சின்னக் கட்டை. இப்படித் தள்ளினால் 'உள்ளே' என்று தெரியும். அப்படித் தள்ளினால் 'வெளியே'. டாக்டரின் கார் கேட்டுக்குள் நுழையும்போதே நான் 'உள்ளே' தள்ளிவிடுவேன். அவர் இறங்கிப் படியேறும்வரை காத்திருக்க மாட்டேன். ஒருநாளும் தப்பானதில்லை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்வேன். அந்தப் பீற்றல்தான் என் குடியைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஐந்து வருடத்துக்கு முன்னால் வேலையில் இருக்கும்போது தவறி விழுந்து இடது கால் முறிந்தது. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் ஆபரேஷன். உள்ளே ஓர் எஃகுத் தகடு, ஏழு திருகாணி. அந்தத் தகட்டின் நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதியதும் நான்தான். அதற்குப் பிறகு குளிர் வந்தால் அந்தக் காலை இழுத்து இழுத்து நடப்பார். நடந்தால்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்னார். தெருமுனை வரை நடந்துவிட்டு ஏதோ உலகத்தையே சுற்றி வந்தவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். இந்த வருடம் அவராகவே கேட்டார்.

"மலைப்பக்கம் போய் ரெண்டு நாள் நல்லா நடந்துட்டு வரலாமா, ரிசப்ஷன்?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுவார். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. மகளை அவளுடைய அத்தை வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். அவளுக்குப் பதினோரு வயது.

வாடகைக்கு எடுத்தது மலையடிவாரத்தில் ஒரு சின்னக் கல் வீடு. பார்த்ததுமே பிடித்துப் போயிற்று. ஒரே கூடம், கணப்பு அடுப்பு, இரண்டு சாய்வு நாற்காலி, உள்ளே நான்கு கட்டில். வெளியே பன்னிரண்டு அடி தள்ளி விறகுக் கொட்டகை. மழைக்காலம் தொடங்குவதற்கு முன் நாங்கள்தான் கடைசி ஆட்கள். எங்களுக்குப் பிறகு வீட்டைப் பூட்டிவிடுவார்களாம்.

சாவி கொடுத்த காவல்காரம்மா வருகைப் புத்தகத்தில் என் பெயரை இனிஷியலோடு எழுதச் சொன்னாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயும் அதே பலகை! கட்டிலுக்கு ஒன்றாக, ஒன்று முதல் நான்கு வரை நம்பர். ஜன்னல் கண்ணாடியை ஒட்டி, வெளியிலிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி மாட்டியிருந்தார்கள்.

"நடக்கப் போகும்போது வெளியேன்னு தள்ளுங்க. திரும்பி வந்ததும் உள்ளேன்னு தள்ளுங்க. ஆறு மணிக்கு வந்து பார்ப்பேன். யாராவது வெளியேன்னு இருந்தா ஆளைக் கூட்டிக்கிட்டு தேடப் போயிடுவேன். அவங்கவங்க கட்டையை அவங்கவங்கதான் தள்ளணும். இன்னொருத்தருக்காகத் தள்ளாதீங்க."

"இந்த வேலையை எனக்கேவா சொல்லித் தரீங்க?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. நான்காம் நம்பர் 'வெளியே' என்று இருந்தது. கை வைத்துப் பார்த்தேன். அசையவில்லை.

"அது சிக்கிக்கிச்சு. விட்டுடுங்க."

மறுநாள் மதியம் 2.45-க்கு இரண்டு பேரும் நடக்கக் கிளம்பினோம். நான் ஒன்றாம் நம்பர். அவர் இரண்டு. இருவரும் 'வெளியே' தள்ளினோம். 3.45-க்குப் பனிமூட்டம் இறங்க ஆரம்பித்தது. புதுச் செருப்பு கடித்து என் குதிகால் கொப்பளித்துவிட்டது.

"நீ திரும்பிப் போ. அந்தப் பாறை வரைக்கும் போயிட்டு வந்துடறேன்."

"போதும் வாங்க. கால் வலிச்சா என்கிட்டதான் புலம்புவீங்க."

"அரை மணி நேரம்மா. இன்னிக்கு எனக்கு வலியே இல்ல."

அவ்வளவு சந்தோஷமாக அவர் முகத்தைப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. சரி என்று திரும்பினேன். 4.35-க்கு வீடு வந்து என் கட்டையை 'உள்ளே' தள்ளினேன். டீ போட்டேன்.

5.20.

ஜன்னல் வழியே பார்த்தேன். பனிக்குள் கேட்டருகே ஓர் ஆள். நீல மழைக்கோட்டு. அவருடைய தோள். அவருடைய தொப்பி.

வந்துவிட்டார். என் கை தானாகப் போய் இரண்டாம் நம்பரை 'உள்ளே' தள்ளியது. பழக்கம்.

தள்ளிய பிறகுதான் ஒன்று தோன்றியது. அந்தக் கேட் துருப்பிடித்தது. திறந்தால் கிரீச்சென்று ஊரையே எழுப்பும். இப்போது சத்தமே வரவில்லை.

கதவைத் திறந்தேன். உள்ளே வந்தார். கணப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். கொதிக்கக் கொதிக்க இருந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார். காலைத் தேய்க்கவில்லை. புலம்பவில்லை.

நிமிர்ந்து பார்த்து என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு.

கிண்டல் என்று நினைத்தேன். கோட்டை வாங்கி ஆணியில் மாட்டினேன். இடது பையில் ஒரு கிழிசல் இருக்கும். நீல நூல் இல்லாமல் நான் வெள்ளை நூலால் தைத்தது. தடவிப் பார்த்தேன். தையல் இல்லை... கிழிசலும் இல்லை.

6.00. காவல்காரம்மா வந்தாள். ஜன்னலில் டார்ச் அடித்துப் பலகையைப் பார்த்தாள்.

"எல்லாரும் உள்ளதானே?"

"உள்ளதான்" என்று நானே சத்தமாகச் சொன்னேன். அவள் கையாட்டிவிட்டுப் போனாள்.

6.40-க்குத் திரைச்சீலையை இழுக்கப் போனேன். பலகை மாறியிருந்தது. இரண்டாம் நம்பர் 'வெளியே'. நான்காம் நம்பர் 'உள்ளே'.

"இதைத் தொட்டீங்களா?"

"இல்லையே."

அவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அது எனக்குத் தெரியும். இரண்டாம் நம்பரை மறுபடி 'உள்ளே' தள்ளினேன். இந்தத் தடவை கட்டை இறுக்கமாக இருந்தது. நகத்தைக் கொடுத்துத் தள்ளினேன். நகம் உடைந்தது.

7.25.

கிரீச்.

கேட்.

பிறகு காலடிச் சத்தம். ஒரு அடி... ஒரு இழுப்பு. ஒரு அடி... ஒரு இழுப்பு.

கதவில் மூன்று தட்டு. டொக். டொக். டொக்.

லிஃப்ட் கதவைத் திறப்பதற்கு முன் உள்ளே யாரும் இருக்கிறார்களா என்று அவர் அப்படித்தான் தட்டுவார். வீட்டிலும் அதே பழக்கம்.

"ரிசப்ஷன்... திறம்மா. வழி தவறிடுச்சு. கால் உயிர் போகுது."

திரும்பினேன். நாற்காலியில் இருந்தவர் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறக்காத" என்றார்.

"உங்க... உங்க கால் வலி எப்படி இருக்கு?"

"எந்தக் கால்?"

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாது என்று இங்கே பொய் எழுத மாட்டேன். தாழ்ப்பாளுக்குக் கை போனது.

எழுந்த சத்தம் கேட்கவில்லை. நடந்த சத்தம் கேட்கவில்லை.

என் தோளில் ஒரு கை.

கனமான கை. நெருப்பருகே இரண்டு மணி நேரம் இருந்த கை... சில்லென்று இருந்தது.

"உன் புருஷன் உள்ள இருக்கான்னு சொல்லு."

சொன்னேன்.

"என் புருஷன் உள்ள இருக்கார். நீ போயிடு."

வெளியே மூச்சு மட்டும்.

"அப்ப நான் யாரும்மா?"

மேல் தாழையும் போட்டேன். என் கையாலேயே போட்டேன்.

மறுபடி தட்டினார். 7.50. 8.15. ஒவ்வொரு முறையும் மூன்று தட்டு. ஒவ்வொரு முறையும் முன்னைவிட மெதுவாக. அவர் சண்டை போடத் தெரியாத மனிதர். என்னிடம் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. 8.47-க்குக் கடைசியாகச் சொன்னார்.

"சரிம்மா... விறகுக் கொட்டகையில உக்காந்திருக்கேன். மனசு மாறினா வா."

ஒரு அடி... ஒரு இழுப்பு.

8.55-க்கு உள்ளே இருந்தது எழுந்தது.

"விறகு எடுத்துட்டு வரேன்."

மூன்று நிமிடம். திரும்பி வந்தது. கையில் விறகு இல்லை.

விடியும்வரை ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகைப் பக்கம் இடிக்கிற சத்தம் விடிகிற நேரத்தில்தான் ஓய்ந்தது. எதிர் நாற்காலியில் அதுவும். கண்ணை இமைக்கவே இல்லை.

காலை 7.15-க்கு வேன் வந்தது. இரண்டு பெட்டியையும் அது தூக்கிக்கொண்டது. துளி இழுப்பு இல்லாமல் விறுவிறுவென்று நடந்தது. நான் கொட்டகையைக் கடந்துதான் போக வேண்டும். பன்னிரண்டு அடி. கொட்டகைக் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. பார்த்தேன். நிற்கவில்லை. பக்கத்தில் அது நடந்து வந்ததால் என்று சொல்லிக்கொள்கிறேன். அது முழு உண்மை இல்லை. தாழைத் திறந்தால் உள்ளே இருக்கிற முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

வேன் நகரும்போது சாவியை வாங்கிக்கொண்ட காவல்காரம்மா ஜன்னல் பக்கம் போனாள். பலகையை ஏதோ செய்துகொண்டிருந்தாள். பிறகு எங்களைப் பார்த்து ஏதோ கத்தினாள். வேன் திரும்பிவிட்டது.

எழுபத்து மூன்று நாள் ஆயிற்று. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கால் சரியாகிவிட்டது, மலைக்காற்று பலித்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. மகளுக்குத்தான் ரொம்பப் பெருமை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் அதன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறாள்.

"அப்பா மாதிரி யாராலயும் வேகமா நடக்க முடியாதும்மா."



நேற்று மாலை 4.20-க்கு என் மேஜையில் போன் அடித்தது. போலீஸ். மழைக்காலம் முடிந்து ஒரு வாடகை வீட்டைத் திறந்தபோது விறகுக் கொட்டகையில் ஒரு பிணம் கிடைத்ததாம். உள்ளே விறகுக்கட்டை ஒன்று தேய்ந்து போயிருந்ததாம். கதவை அதைக் கொண்டுதான் இடித்திருக்க வேண்டும், குறைந்தது இரண்டு நாள் என்றார். கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. நீல மழைக்கோட்டு, பையில் வெள்ளை நூல் தையல்.

கிழிசலே இல்லாத இன்னொரு நீலக் கோட்டு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது.

"கடைசியா தங்கின ரெண்டு பேரும் வேன்ல போனதை அந்த வீட்டுக் காவல்காரம்மாவே பார்த்திருக்காங்க. அவங்க வேற ஏதோ பலகையைப் பத்திப் புலம்பறாங்க. ரெண்டாம் நம்பர் வெளியேலயே சிக்கிக்கிச்சாம், எத்தனை தள்ளினாலும் வரலையாம். அதை விடுங்க. இடது கால்ல ஒரு தகடு இருக்கு. அதுல நம்பர் இருக்கு. எல்லா எலும்பு ஆஸ்பத்திரிக்கும் போன் போடறோம். எழுதிக்கிறீங்களா?"

நம்பரைப் படித்தார். நான் எழுதவில்லை. பதிவுப் புத்தகத்தைத் திறக்கவும் இல்லை. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்.

கடிகாரத்தைப் பார்த்தேன். 4.23. மகள் நாலு மணிக்கே வீட்டுக்கு வந்திருப்பாள். வீட்டில் அவள் தனியாக இருந்தாள். அதனோடு.

"எங்க புத்தகத்துல அந்த நம்பர் இல்லைங்க" என்றேன்.

"அப்ப அனாதைப் பிணம்னு எழுதிடறோம்."

"எழுதிக்கோங்க."

6.30-க்கு வெளியே வந்தேன். கேட்டருகே இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். மகள் ஒரு கையை நீட்டி என் பையை வாங்கிக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கையை அது விடவே இல்லை.

போன் வந்த விஷயத்தை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

அது என் பெயரைச் சொன்னது. இனிஷியலோடு.

"இன்னிக்கும் நீ திறக்கல, இல்ல?" என்றது. "நல்லது. வா, வீட்டுக்குப் போகலாம்."