அம்மை வீட்டில் கிடந்த லைப்ரரி புத்தகம்

போன கோடையில் எங்கள் சங்கரன்கோவிலில் தெருத்தெருவாக அம்மை போட்டது. என் கடைசி மகள் செல்வியும் பக்கத்து வீட்டுக் கோமதியும் காலேஜில் ஒரே படிப்பு. பரீட்சைக்கு வேண்டிய புத்தகம் காலேஜ் லைப்ரரியில் ஒன்றே ஒன்றுதான். அதைக் கோமதி முந்திக்கொண்டு எடுத்துவிட்டாள். எதிலும் அவள்தான் முந்துவாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் லைப்ரரிக்குத் திருப்பிக் கொடுத்து, செல்வி எடுக்க வேண்டிய நாள் வந்தபோது அவர்கள் வாசலில் வேப்பிலை தொங்கியது. அம்மை கண்ட வீட்டில், தலைக்குத் தண்ணீர் விடும்வரை ஒரு சாமானும் வெளியே கொடுக்கமாட்டார்கள். புத்தகத்தைக் கொடுக்காமலிருக்கத்தான் இந்த நாடகம் என்று நினைத்து உள்ளே போய்விட்டேன்.

"மதினி, உள்ள வராதீய! ஆத்தா வந்திருக்கா" என்று கோமதியின் அம்மா தடுத்தாள்.

"ஆத்தா வந்திருக்காளா, புஸ்தகத்தை ஒளிச்சு வச்சிருக்கியளா?" என்று கேட்டுக்கொண்டே எட்டிப் பார்த்தால், கோமதி முகமெல்லாம் முத்து. தலைமாட்டில் புத்தகம். பதறினாலும் கை சும்மா இருக்கவில்லை, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் வாசலில் செல்வி அலறினாள்: "யம்மா, எனக்கு இதுவரைக்கும் அம்மை போட்டதே இல்ல. என்னைக் கொல்லவா கொண்டு வாரே?"

அப்போதுதான் எனக்கு உயிரே போனது. புத்தகத்தைத் தொழுவத்து ஓட்டின்மேல் வெயிலில் போட்டுவிட்டு, குளித்து, சேலை மாற்றிய பிறகே அவள் பக்கம் போனேன். அம்மன் புண்ணியம், அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

கோமதியோ ஒரு தழும்பில்லாமல் எழுந்து, செல்வியைவிடக் கூடுதல் மார்க்கும் வாங்கிவிட்டாள். அதுதான் இன்னும் ஆறவில்லை.

இப்போதெல்லாம் யார் புத்தகம் தந்தாலும், அவர்கள் வீட்டில் எல்லாருக்கும் சுகந்தானா என்று கேட்டு, விரித்து வெயிலில் காயவைத்துத்தான் உள்ளே விடுகிறேன். கோமதி கொடுத்தால் மட்டும் இன்னொரு நாள் கூடக் காயும்.